பாவமும் நிறைகல்லும்

பாவம் என்றவுடன் கொலை, களவு முதலிய பெருங்குற்றங்களையே நாம் நினைக்கின்றோம். ஆயின், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்கும் ‘ஹமார்த்தியா’ என்னுஞ் சொல், இலக்குத் தவறுதல் என்னும் பொருளுடையது. தவறும் அளவு சிறிதாயினும் தவறு தவறே.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வழிபாட்டோடு தராசையும் நிறைகல்லையும் பேசுகின்றது. விரலியும் கிழங்கும் தரம்பிரித்து நிறுத்து விற்கும் நம் ஈரோட்டு மஞ்சள் மண்டியார்க்கு இது எளிதில் விளங்கும். நிறையிற் குறைவது சிறிதாயினும், இழப்பவன் உழவனே.

நாமோ, வாராத நண்பனுக்காக வகுப்பில் ‘உள்ளேன்’ என்கின்றோம். பிறன் எழுதியதை நமதென ஒப்புவிக்கின்றோம். இவையும் குறைந்த நிறைகற்களே. ஆயக்காரனாகிய சகேயு வருந்தியதோடு நில்லாது, அநியாயமாய்க் கொண்டதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தான் (லூக்கா 19). நாமும் இன்றே ஆசிரியரிடம் உண்மையை உரைத்து, ஈடுசெய்யத் தொடங்குவோமாக.