அடாப்டர் ஆய்ந்து கொள்ளுதல்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நம்மவர் பலரும் அறிவர். கையாற் செய்யப்படும் அப்பூட்டின் பெருமை யாதெனின், தனக்குரியதல்லாத சாவி துளையினுள் நுழைந்தாலும், உள்ளிருக்கும் நெம்புகள் உரிய உயரத்துக்கு எழாமையின் அது திறவாது நிற்பதேயாம். வேற்றுச் சாவியால் பூட்டுக்கு ஊறும் நேர்வதில்லை. இந்நாளில் அவ்வூர் வீடுகளிலும் கடைகளிலும் தோட்டங்களிலும் மற்றொரு வகைச் சாவி பெருகியிருக்கின்றது. வைஃபை ரௌட்டர், கண்காணிப்புக் காமிரா, குரலுக்கு விடை கூறும் ஒலிபெருக்கி, கைத்தொலைபேசி ஆகிய இவற்றுக்கெல்லாம் அடாப்டரோ சார்ஜரோ இன்றியமையாதது. ஆனால் இச்சாவியின் இயல்போ நேர்மாறானது. பொருந்தாத அடாப்டரும் கருவியின் துளையில் இனிது நுழையும்; நுழைந்தபின் கருவியைக் கெடுக்கும். ஆகலின் துளையின் வடிவை நம்பாமல், அடாப்டரின் முதுகிற் பொறித்த எழுத்தைப் படித்தே வாங்கல் வேண்டும்.

நம் வீட்டுச் சுவர்த்துளையில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். நொடிக்கு 50 முறை அலைவது. மேற்கூறிய கருவிகளுக்கு வேண்டுவதோ பெரும்பாலும் 5, 9, அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரம். முற்காலத்து அடாப்டரில் இரும்புச் சட்டத்தில் செப்புக் கம்பி சுற்றிய மின்மாற்றி ஒன்று இருந்தது, கனம் மிகுதி. இக்காலத்ததோ வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மிகச் சிறிய மின்மாற்றி வழியே செலுத்தி, மீண்டும் நேராக்கித் தருகின்றது. வெட்டும் வேகம் மிக மிக மின்மாற்றி சிறுக்கும். அதனாலேயே இது தீப்பெட்டியினும் சற்றே பெரிதாய் அடங்கிவிட்டது. இதன் முதுகில் ‘100–240 வோல்ட்’ என்றிருப்பின், மின்னழுத்தம் தாழும் மாலைப் பொழுதிலும் அது தடையின்றித் தொழில் புரியும் என்பது பொருள்.

இனி எழுத்துக்களைப் பார்ப்போம். வெளிவரும் வோல்ட் கருவி கேட்கும் வோல்ட்டுக்குச் சமமாய் இருத்தல் வேண்டும்; இதில் தளர்ச்சி கூடாது. 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பெரும்பாலும் கருவி அக்கணமே மாளும். ஆம்பியர் அளவோ அத்தகையதன்று. அது அடாப்டர் தரவல்ல எல்லையேயன்றிக் கருவியினுள் திணிக்கும் அளவன்று. 1 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 2 ஆம்பியர் அடாப்டர் தீங்கு செய்யாது, அரை ஆம்பியர் அடாப்டரோ சூடேறித் தவிக்கும். கடைக்காரர் சிலர் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்வதை யாம் கேட்டிருக்கின்றோம். பின்னர் முனைகளின் குறி: வட்டச் செருகியின் நடுமுனை நேர்மின் முனையா, எதிர்மின் முனையா என்பதைச் சிறு படம் காட்டும். செருகியின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராய் இருக்க, உள்விட்டம் 2.1 என்றும் 2.5 என்றும் இருவகைப்படும்; 2.5 செருகி 2.1 ஊசியில் நுழைந்து தளர்ந்து ஆடும். கருவி அடிக்கடி அணையும்.

எழுத்து முற்றும் பொருந்தியும் கருவி நடவாத இடமொன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில், கிணற்றுக் கொட்டகை வாயிலில் 5 வோல்ட் காமிரா ஒன்றை மாட்டி, 3 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியால் அடாப்டருடன் இணைத்தார்கள் என்று கொள்வோம். பகலெல்லாம் காட்சி தெளிவாய் வரும். இருள் சூழ்ந்தவுடன் காமிரா அணைந்து அணைந்து எரியும். வாங்கியவர் காமிராவைப் பழிப்பார். காரணம் கம்பியில் உள்ளது. 28 கேஜ் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். போக்கும் வரவுமாக 6 மீட்டருக்கு அது 1.3 ஓம் ஆகும். பகலில் காமிரா 0.3 ஆம்பியர் இழுக்குமாயின் வழியில் இழப்பது 0.4 வோல்ட், 4.6 வோல்ட் சென்று சேரும். இரவில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, 0.8 ஆம்பியர் வேண்டியிருப்பின் இழப்பு 1 வோல்ட்டுக்கு மேலாகும். 4 வோல்ட்டும் சென்று சேராது. உடனே காமிரா அணையும். அணைந்ததும் இழப்பு நீங்கி மீண்டும் உயிர்க்கும். இதற்கு விலையுயர்ந்த அடாப்டர் தேடுதல் வீண். அதே நீளத்துக்கு 24 கேஜ் கம்பி இட்டால் தடை அரை ஓமாகக் குறையும்; இரவு இழப்பும் 0.4 வோல்ட்டில் நின்றுவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வோர் அடாப்டர் என்னும் தொல்லையைப் போக்க எழுந்ததே யு.எஸ்.பி. என்னும் பொதுமுறை. 1996இல் முதற்கண் வெளியான அதன் ஆக்கத்தில் நம் நாட்டிற் பிறந்த அஜய் பட் என்பார் முதன்மையான பங்கு கொண்டார். 2014இல் வந்த டைப்-சி செருகி தலைகீழாயினும் நுழையும். அதன் வழியாகக் கருவியும் சார்ஜரும் தம்முள் வினவி விடை கூறி, 5 வோல்ட்டில் தொடங்கி 9, 15, 20 என உடன்பாடு செய்துகொள்ளவும் கூடும். நம் பூட்டின் குணம் இங்குதான் சிறிதளவு மீண்டு வந்தது எனலாம். கேளாத கருவிக்கு மிகை வோல்ட் கொடுபடாது. மலிவான சில கருவிகளில் இவ்வினவலுக்குரிய சிறு தடையங்களை அமைக்காது விட்டுவிடுவர். அவை இருபுறமும் டைப்-சி உடைய கம்பியில் மின் பெறா, பழைய அகன்ற முனையுள்ள கம்பியில் மட்டுமே பெறும். அது சார்ஜரின் குற்றமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளுக்கு டைப்-சி கட்டாயமென விதித்தது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என நாள் குறித்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-சிக்குரிய தரத்தை வெளியிட்டு 2023 ஜனவரியில் அறிவித்தது.

வாங்குமிடம் எதுவாயினும், மின்னணுப் பொருள்களுக்கு 2012இல் பிறந்த கட்டாயப் பதிவு ஆணை அடாப்டர்களையும் பின்னர்த் தன்னுள் அடக்கிக்கொண்டது என்பதை நினைவிற் கொள்க. பதிவு பெற்றதன்மேல் அமைவனத்தின் குறியும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தை அடுத்து எட்டு இலக்கங்களும் காணப்படும். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டால் ஆக்கியோர் பெயர் தோன்றும். பெட்டியிலுள்ள பெயரோடு அதனை ஒப்பிடலாம். குறியில்லாதது ஐம்பது ரூபாய் மலிவாய்க் கிடைக்கலாம். ஆனால் அதனுள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் நாம் தொடும் பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளி விட்டிருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஈரத் தரையில் நின்று காமிராக் கம்பியைத் தொடும் உழவர்க்கு அது உயிர்ப் பிரச்சினை.

கருவி செய்தாரிடமே மாற்று அடாப்டர் கிடைக்குமாயின் அதுவே முதல் வழி. அடுத்தது வீட்டிலுள்ள பழைய இழுப்பறை. ஆங்கே கிடப்பனவற்றுள் எழுத்துப் பொருந்துவது ஒன்று இருத்தல் கூடும்; கம்பி வெடித்ததும் உடல் உப்பியதும் ஆகாது. இரும்பு மின்மாற்றி உடைய பழையதாயின், 12 என்று எழுதியிருந்தும் சுமையில்லாதபோது 16 வோல்ட் வரை காட்டுவதுண்டு. மீட்டரால் அளந்து பார்த்தே இணைக்க. கழிக்க வேண்டியவற்றை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க. எஞ்சியவற்றின் முதுகில் எக்கருவிக்கு உரியது என்று ஒரு சிறு தாள் ஒட்டிவைத்தால், வீட்டிலுள்ள மற்றவர்க்கும் தேடும் வருத்தம் குறையும்.