செய்திமொழியும் இனப்பார்வையும்: கத்ரீனா சூறாவளிச் செய்திகளை முன்வைத்து

முன்னுரை

இனவெறுப்பை வளர்க்கும் செய்திமொழி என்றதும் இழிசொற்களே நினைவுக்கு வருகின்றன. இழிசொல்லை வாசகர் எளிதில் இனங்காண்பர், மறுக்கவும் செய்வர். நடுநிலைத் தோற்றமுடைய தொடருக்குள் அமைந்த தீர்ப்போ அவர்தம் கவனத்திற்குத் தப்பிவிடுகிறது. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளி பற்றிய செய்திகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு படவிளக்கங்கள்

2005 ஆகஸ்டு 29 அன்று சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்ததால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. மறுநாள் யாஹூ செய்தித்தளத்தில் இரு படங்கள் வெளியாயின. இரண்டிலும் மார்பளவு நீரில் உணவுப்பொருளுடன் செல்வோரே காணப்பட்டனர். அசோசியேட்டட் பிரஸ் வழங்கிய படத்திலிருந்த கறுப்பின இளைஞர் மளிகைக்கடையைச் சூறையாடியவர் எனப்பட்டார், ஏ.எஃப்.பி. வழங்கிய படத்திலிருந்த வெளிர்நிறத்தவர் இருவர் ரொட்டியையும் பானத்தையும் கண்டெடுத்தவர் எனப்பட்டனர்.

இளைஞர் கடைக்குள் சென்று பொருளை எடுத்ததைப் படப்பிடிப்பாளர் கண்டார் என ஒரு நிறுவனம் விளக்கியது. பொருள்கள் நீரில் மிதந்து வந்தன என மற்றப் படத்தை எடுத்தவர் கூறினார். இவ்விளக்கங்களை ஏற்பினும், வாசகர் முதலில் எதிர்கொண்டவை ‘சூறையாடுதல்’, ‘கண்டெடுத்தல்’ என்னும் இரு வினைகளையே.

தொடரமைப்பும் தீர்ப்பும்

இரு விளக்கங்களிலும் முதன்மை வினை நீரில் நடத்தலே. சூறையாடல் ‘பின்’ என்னும் சொல்லை ஒட்டிய சார்புத்தொடரில் அமைகிறது. முதன்மை வினை உரைப்பதை வாசகர் ஐயுறக்கூடும்; சார்புத்தொடர் உரைப்பதை முன்பே உறுதியான செய்தியாகக் கொள்வர். குற்றச்சாட்டு இங்ஙனம் வினவப்படாமலே நிலைபெறுகிறது.

விளைவுகள்

ஆகஸ்டு 31 இரவு, மேயர் ரே நாகின் 1,500 காவலரை மீட்புப்பணியிலிருந்து விலக்கிச் சூறையாடலைத் தடுக்க அனுப்பினார். மக்கள் மீட்புக்குக் காத்திருந்த வேளை அது. நகரில் சூறையாடல் நிகழ்ந்தது உண்மை. இவ்வாணைக்குச் செய்திமொழி ஒன்றே காரணம் எனக் கூறுதற்கில்லை. எனினும், சூப்பர்டோம் அரங்கில் கொலைகள் நடந்ததாகப் பரவிய செய்திகள் பெரும்பாலும் ஆதாரமற்றவை எனப் பின்னர்த் தெரியவந்தமை, அச்சம் எத்துணை எளிதாக நம்பப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

வீடிழந்தோரை ‘அகதிகள்’ எனச் சுட்டியதும் கண்டனத்திற்குள்ளானது. தம் நாட்டிலேயே குடிமக்களை அயலாராக்கும் சொல் இது எனக் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் உள்ளிட்டோர் எதிர்த்தனர். வாஷிங்டன் போஸ்ட், பாஸ்டன் குளோப் ஆகிய இதழ்கள் அச்சொல்லைக் கைவிட்டன. அசோசியேட்டட் பிரஸ் தொடர்ந்து வழங்கியது.

முடிவுரை

சொற்பட்டியலைத் திருத்துவதால் மட்டும் செய்திமொழி நேர்மையடையாது. தீர்ப்பு தொடரின் எவ்வுறுப்பில் அமர்ந்துள்ளது என்பதும் ஆராயத்தக்கது. தமிழில் ‘சூறையாடிய இளைஞர்’ என்னும் பெயரெச்சத் தொடரும் இதே பணியைச் செய்யவல்லது. எனவே அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவோர், கண்டதை முதன்மை வினையாலும், பிறர் கூறியதைக் கூறியவர் பெயரோடும் எழுதுதல் வேண்டும்.