சவர்க்காரப் பெட்டியும் சாப்பாட்டுப் பெட்டியும்: பக் மாற்றிக்கு மீடிறன் தெரிவுசெய்தல்

வாப்பாவின் படகில் 12 வோல்ற்று பற்றரி ஒன்று உண்டு. கடலில் அவருடைய போன் அணைந்துவிட்டால், அவர் கரைசேரும்வரை உம்மா வாசலைவிட்டு அசையமாட்டார். ஆகவே 12 வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைத்து 2 அம்பியர் வழங்கும் சுற்றொன்றைச் சவர்க்காரப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தேன். வீட்டு மேசையில் நன்றாக இயங்கியது. படகில் நண்பகல் வெயிலில் நின்றுவிட்டது. பிழை என்னுடையது. அதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

மிகுதி 7 வோல்ற்றைத் தடையொன்றில் விட்டால், 7 × 2 = 14 வாற்று வீணே வெப்பமாகும். போனுக்குக் கிடைப்பதோ 10 வாற்றுத்தான். பக் மாற்றி அப்படிச் செய்வதில்லை. அதிலுள்ள திரான்சிற்றர், ஆளிபோல வேகமாக மூடித் திறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 5/12 பங்கு, அதாவது ஏறக்குறைய 42 சதவீத நேரம் அது மூடியிருந்தால், சராசரி 5 வோல்ற்று கிடைக்கும். இடையில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தூண்டி என்னும் கம்பிச்சுருள் தணிக்கிறது. செக்கனுக்கு எத்தனை தடவை மூடித் திறக்கிறது என்பதே ஆளி மீடிறன்.

மீடிறன் கூடினால் சிறிய தூண்டியே போதும். ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை 0.6 அம்பியருக்குள் வைக்க, 300 கிலோஹேர்ட்ஸில் ஏறக்குறைய 16 மைக்ரோஹென்றி வேண்டும். 1 மெகாஹேர்ட்ஸில் 5 மைக்ரோஹென்றி போதும். சிறிய பெட்டிக்கு ஆசைப்பட்டு நான் 1 மெகாஹேர்ட்ஸைத் தெரிவுசெய்தேன்.

நான் கணக்கிடாமல் விட்டது வெப்பத்தை. மூடும்போதும் திறக்கும்போதும் ஒரு கணம் திரான்சிற்றரில் வோல்ற்றளவும் ஓட்டமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்குமாக 100 நனோசெக்கன் எனக் கொண்டால், ஒரு சுற்றில் இழப்பு 12 × 2 × 100 ÷ 2 = 1200 நனோயூல். 1 மெகாஹேர்ட்ஸில் இது 1.2 வாற்று. சில்லின் 0.15 ஓம் தடையில் எப்போதும் இழக்கப்படுவது 2 × 2 × 0.15 = 0.6 வாற்று. மொத்தம் 1.8 வாற்று.

என் சில்லு ஒரு வாற்றுக்குச் சுற்றாடலைவிட 50 பாகை சூடாகும். எனவே 1.8 வாற்றுக்கு 90 பாகை. வீட்டில் 30 உடன் 90 சேர்ந்து 120 பாகை செல்சியஸ். எல்லையான 125ஐத் தாண்டவில்லை. வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெப்பமானி 60 காட்டியது. 60 உடன் 90 சேர்ந்தால் 150. சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றிருக்கிறது.

இம்முறை கணக்கை மறுபுறமிருந்து தொடங்கினேன். 125 − 60 = 65 பாகை; 65 ÷ 50 = 1.3 வாற்று. அதில் தடையின் 0.6 போக, ஆளிக்கு மீதி 0.7 வாற்று. அப்படியானால் மீடிறன் 580 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்செல்லக்கூடாது. எல்லையிலேயே நிற்காமல் 300 கிலோஹேர்ட்ஸைத் தெரிவுசெய்தேன். மொத்த இழப்பு 0.96 வாற்று, நண்பகலிலும் சில்லு 108 பாகைதான். 22 மைக்ரோஹென்றித் தூண்டி சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கவில்லை. என் பழைய சாப்பாட்டுப் பெட்டி கைகொடுத்தது.

தோழியரே, சுற்றொன்றை அமைக்கும்போது, அது இயங்கப்போகும் மிகச் சூடான இடத்தின் வெப்பநிலையை முதலில் அளவுங்கள். மீடிறனைப் பிறகு தெரிவுசெய்யலாம். “பதறாத காரியம் சிதறாது” என்று உம்மும்மா அடிக்கடி சொல்வார். இப்போது நண்பகலிலும் வாப்பாவின் அழைப்பு வருகிறது.