முட்டைக் குழம்பு: வீட்டுச் சமையலில் கவனிக்க வேண்டியவை

நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டையை விற்பனைச் சரக்காகவே கருதுவது பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. சேர்ந்த முட்டைகளில் ஒரு பகுதி அடை வைக்கப்படுகிறது. எஞ்சியவை சந்தைக்குப் போகின்றன. விருந்தாளி வந்தாலன்றி ஒன்றும் அடுப்பேறுவதில்லை. முட்டை விற்ற காசைக் கொண்டே அவ்வீட்டார் மெலிந்த குழந்தைக்குச் சத்து மருந்து என்ற பெயரால் ஒரு புட்டியை வாங்கி வருவதும் உண்டு. விற்பது தவறன்று, நல்ல விலை கிடைக்கும்போது அதை விட்டுவிடும்படி எவரும் சொல்லார். ஆயினும் வாரத்தில் ஓரிரு நாளேனும் வீட்டிலுள்ளோர் யாவரும் முட்டை உண்பது, குடும்பக் கணக்கில் செலவாக எழுதத்தக்கதன்று.

நாட்டுக்கோழி முட்டை ஏறக்குறைய 40 கிராம் எடையுள்ளது. பண்ணை முட்டை 50 கிராமும் அதற்கு மேலும் இருக்கும். 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதச்சத்து உண்டு. அரிசியிலும் புரதம் உண்டாயினும் லைசின் என்னும் கூறு அதில் குறைவு. முட்டையில் அது நிறைந்திருப்பதால் சோற்றோடு சேரும்போது அக்குறை நீங்குகிறது. மாலைக்கண் நோய் வராமல் காக்கும் 'ஏ' வைட்டமின் மஞ்சட்கருவில் இருக்கிறது. ஆனால் முட்டையை மட்டும் உண்டு சோகையைப் போக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுதல் சரியன்று. அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. 'சி' வைட்டமினும் அதில் இல்லை. குழம்போடு முருங்கைக்கீரையோ வேறு கீரையோ இருப்பது நலம். ஓட்டின் நிறத்தைப் பார்த்து அதிக விலை கொடுப்போரும் உளர். நிறத்தால் சத்து வேறுபடுவதில்லை.

சமையலுக்கு முன் முட்டையைச் சோதித்தல் அவசியம். பாத்திரத்தில் நீர் நிரப்பி முட்டையை மெல்ல இட்டால், புதியது அடியில் படுத்துக் கிடக்கும். சில நாட்களானது அடியிலேயே நிமிர்ந்து நிற்கும். மிதப்பது மிகப் பழையது, அதை விலக்கிவிட வேண்டும். ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே ஈரம் வெளியேற, உள்ளே காற்றறை பெருகுவதே இதற்குக் காரணம். எனினும் சேவலோடு திரியும் கோழியின் முட்டை, கோடையில், இச்சோதனையில் தேறியும் கெட்டிருக்கக்கூடும். அடையில் வையாமலே வெயிலின் சூட்டில் கரு வளரத் தொடங்கிப் பின் அழிந்து கூழ்முட்டையாகிவிடும். தினந்தோறும் முட்டைகளை எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைப்பதே இதற்குத் தடுப்பு. எடுத்தவுடன் அவற்றைக் கழுவி வைத்தல் கூடாது. ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமிகள் உட்புக வழியுண்டாகும். சமைக்கும் வேளையில் கழுவினால் போதும்.

ஆறு பேருக்கான குழம்புக்கு மிளகாய் வற்றல் 8, கொத்தமல்லி விதை 3 மேசைக்கரண்டி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி வேண்டும். இவற்றை இளந்தீயில் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் மல்லி சிவக்குமுன் சீரகம் கருகிவிடும். கருகிய மசாலையின் கசப்பை எவ்வளவு புளி விட்டாலும் மறைக்க இயலாது. வறுத்தவற்றை அம்மியில் சிறிது நீர் தெளித்து நன்றாய் அரைத்துக்கொண்டு, அரை மூடித் தேங்காயைத் துருவித் தனியே அரைத்து வைக்க வேண்டும்.

குழம்புக்கு மண்சட்டியே சிறந்தது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தல் களிம்பேறித் தீங்கு விளைக்கும். சட்டியில் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சிறிது வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல் சேர்த்து வதக்கி, பிறகு 3 தக்காளியை அரிந்து போட்டுக் குழைய விட வேண்டும். அரைத்த மசாலை, மஞ்சள்தூள், உப்பு, நெல்லிக்காயளவு புளியின் கரைசல், முக்கால் லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் பச்சை வாசனை அடங்கி எண்ணெய் மேலே மிதக்கும். தேங்காயை அப்போதுதான் சேர்க்க வேண்டும்.

இனி முட்டை. குழம்பு சற்றுக் கெட்டியானதும் விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, பிறகே சட்டியின் ஓரமாக வெவ்வேறு இடத்தில் மெல்லச் சரித்துவிட வேண்டும். நேரே சட்டியில் உடைக்கும் அவசரத்தால் ஒரு கூழ்முட்டை விழுந்து ஆறு பேர் குழம்பும் குப்பைக்குப் போவதை அறியாத கிராமம் இல்லை. முட்டை விட்டபின் கரண்டியிடலாகாது. கிளறினால் வெண்கரு இழையிழையாகப் பிரிந்துவிடும். மூடி வைத்து 8 அல்லது 10 நிமிடம் சென்றபின், மஞ்சட்கருவும் உறுதிப்பட்டிருத்தல் வேண்டும். அரைவேக்காட்டு முட்டையில் கிருமிகள் உயிரோடிருக்கக்கூடும்.

அவித்த முட்டையைச் சேர்க்க விரும்புவோர் 10 நிமிடம் கொதிநீரில் வைத்து உடனே தண்ணீரில் இட வேண்டும். அதிக நேரம் கொதித்தால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பசுமை படர்ந்த வளையம் தோன்றும். தீங்கில்லை, சுவைதான் குன்றும். அன்றிட்ட முட்டையில் ஓடு எளிதில் பிரியாது. அவிப்பதற்கு நாலைந்து நாள் சென்ற முட்டையே வசதி.

முழு முட்டைக் குழம்பில் ஒரு சங்கடம் உண்டு. முட்டை முழுதாக இருக்கும்வரை அதை எண்ணலாம்; எண்ணக்கூடிய பொருள் யார் இலைக்குப் போகும் என்பதும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆறு பேருள்ள வீட்டில் நாலு முட்டையே இருந்தால், வீட்டுத் தலைவருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் பெண் குழந்தைக்கும் தாய்க்கும் குழம்பு மட்டுமே மிஞ்சுகிறது. தாய் கர்ப்பிணியாக இருந்தாலும் இதுவே நடக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் பிற்காலத்தில் முட்டையும் சேர்ந்தமையால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. தாய்க்கோ வீட்டு அடுப்பே வழி. முட்டை குறைவாயுள்ள நாளில் அவித்து, நூலால் இரண்டாக அறுத்துப் போடலாம். அதைவிடச் சிலாக்கியமானது, முட்டைகளைக் கிண்ணத்தில் நன்றாய் அடித்து, கொதிக்கும் குழம்பில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறிவிடுதல். அப்போது முட்டை சட்டி முழுவதும் பரவி, ஒவ்வொரு கரண்டியிலும் வந்துவிடும். கடைசியில் உண்பவருக்கும் பங்கு உண்டு. பார்வைக்கு அழகு குறையும் என்பது உண்மையே.

மிஞ்சிய குழம்பை மறுநாளைக்கு வைப்பதாயின் முட்டைத் துண்டுகளை அன்றிரவே உண்டு தீர்த்து, குழம்பைக் கொதிக்க வைத்து மூட வேண்டும். அடித்து ஊற்றிய குழம்பை மறுநாளைக்கு வைத்தல் ஆகாது.

காரம் உண்ணாத குழந்தைக்கு ஒரு முட்டையைத் தனியே எடுத்து முழுதும் அவித்துவிட வேண்டும். ஆறு மாதம் நிறைந்து சோறுண்ணத் தொடங்கிய குழந்தைக்கு அதைச் சோற்றோடு மசித்து ஊட்டலாம். முதல் முறை ஒரு சிட்டிகை அளவே கொடுத்து, உடம்பில் தடிப்போ வாந்தியோ காணாவிடில், சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். தடிப்பு கண்டால் நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.