பக்கத்தின் அகலம் எவ்வளவு?



கிளைகளில் அகப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, எத்தனை பிக்சல் அகலத்துல டிசைன் பண்றது?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தை யார் படிக்கப் போறாங்க?

நம்ம பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. லயம் போய்விட்டது, ஆனால் பல இடங்களில் கோயில் இன்னும் நிற்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனார்கள். அவர்கள் மறுபடியும் ஒன்றுகூடுவது பெரும்பாலும் ஆண்டுத் திருவிழாவுக்குத்தான். லயம் இருந்த காலத்தில் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் போதும். இன்றைக்கு அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. புலனத்தில் வரும் இணைப்பைத் தொட்டதும், பால்மரம் வெட்டிக் கை காய்த்த ஒரு பாட்டி தேதியைப் படிக்க முடியவில்லை என்றால், அவருக்கு அந்த அழைப்பு போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்கள் வந்த கதை

முன்பெல்லாம் கணினித் திரைகள் 640 பிக்சல் அகலம். பிறகு 800, அதன் பிறகு 1024 ஆனது. வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் பரவலாக உள்ள திரையைப் பார்த்து ஓர் எண்ணை முடிவு செய்தார்கள். 1024 காலத்தில் புகழ்பெற்ற எண் 960. ஏன் 960? உலாவியின் ஓரம், உருள்பட்டை எல்லாம் போக 1024 திரைக்குள் அது அடங்கும். அதோடு 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என்று எத்தனை பத்தியாகப் பிரித்தாலும் மீதி வராது.

2007-இல் ஐபோன் வந்தது. அதன் திரை அகலம் 320 பிக்சல்தான். 960-இல் கட்டிய பக்கம் அதில் எறும்பு எழுத்தாகத் தெரிந்தது. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு அழாமல், திரைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பக்கத்தைச் செய்யலாம் என்றார். அதற்கு அவர் சொன்னவை மூன்று: விழுக்காட்டில் அளந்த பத்திகள், கூடவே சுருங்கும் படங்கள், குறிப்பிட்ட அகலத்தில் அமைப்பை மாற்றும் 'மீடியா குவெரி'.

கணக்கு சுலபம். 960 அகலப் பக்கத்தில் ஒரு பத்தி 300 என்றால், 300-ஐ 960-ஆல் வகுத்தால் 0.3125. அந்தப் பத்திக்கு 31.25% என்று எழுதிவிட்டால், திரை எப்படி மாறினாலும் விகிதம் மாறாது.

இது நமக்குப் புதுசு இல்லை. லயத்து வாசலுக்கு ஒரு கோலம், தாமான் வீட்டு வாசலுக்கு ஒரு கோலம். வாசல் சின்னதாக இருந்தால் அம்மா புள்ளியைக் குறைத்துக்கொள்வார். கோலத்துக்காக யாரும் வாசலை இடிப்பதில்லை.

பெட்டியில் உள்ள எண் வேறு

இங்கேதான் பலர் குழம்புவாங்க. கைப்பேசிப் பெட்டியில் 1080 பிக்சல் அகலம் என்று போட்டிருக்கும். ஆனால் உலாவி அதை 360 என்று எண்ணலாம். திரையின் 3 நுண்புள்ளிகளைச் சேர்த்து ஒரு பிக்சலாகக் கணக்கிடுவதால் இப்படி. நாம் வடிவமைக்க வேண்டியது அந்த 360-க்கு.

பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' வரியை எழுத மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கைப்பேசி அந்தப் பக்கத்தை 980 அகலம் என்று எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். 16 அளவில் நீங்கள் போட்ட எழுத்து, 360 திரையில் சுமார் 6 ஆகிவிடும். பாட்டி எப்படிப் படிப்பாங்க?

320-இல் தொடங்குங்கள்

என் பரிந்துரை இது. முதலில் 320-க்கு ஒற்றைப் பத்தியாகச் செய்யுங்கள். இணைய அணுகல் நெறியான டபிள்யூசிஏஜி 2.1, 2018-இல் வெளிவந்தது. 320 அகலத்தில் பக்கவாட்டில் தள்ளாமலே படிக்க முடிய வேண்டும் என்கிறது அது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1280 அகலக் கணினித் திரையில் ஒருவர் பக்கத்தை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால், அவருக்குக் கிடைப்பதும் அதே 320-தான். ஆக, சின்னத் திரைக்குச் செய்யும் வேலை, கண் மங்கியவர்களுக்கும் செய்த வேலையாகிறது.

தமிழில் கூடுதல் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளம். 'அறங்காவலர்களுக்கு', 'கும்பாபிஷேகத்திற்கான' போன்ற சொல்லைப் பெரிய எழுத்தில் குறுகிய பத்தியில் போட்டால் அது வெளியே பிதுங்கும். இரண்டு ஓரத்திலும் 20 விட்டால் 320-இல் மிஞ்சுவது 280. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பத்திக்குச் சுமார் 93தான். ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்துவிட்டு, கடைசியில் தமிழை ஒட்டாதீர்கள். கொம்பும் சுழியும் மேல்வரியில் முட்டாமல் வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

திருவிழா அழைப்பிதழைப் படமாக மட்டும் போட்டுவிட்டு ஓய்ந்துவிட வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்து திரைக்கேற்ப வரி மாறாது. திரையை வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது சரியாகப் பிடிபடாமல் போகலாம். தேதி, நேரம், இடம், தொலைபேசி எண் நான்கையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

அப்புறம் உலாவிச் சாளரத்தை மெல்ல மெல்ல அகலமாக்குங்கள். எந்த இடத்தில் வரி ரொம்ப நீளமாகிப் படிக்கச் சிரமமாகிறதோ, அங்கே இரண்டாம் பத்தியைச் சேருங்கள் அல்லது வரிக்கு உச்ச அகலம் வையுங்கள். எந்த மாடல் கைப்பேசி என்று பட்டியல் போட வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய இடத்தை உள்ளடக்கமே சொல்லிவிடும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் கிளை அல்லது கோயில் பக்கத்தை 320, 360, 768, 1280 ஆகிய அகலங்களில் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கைப்பேசி அமைப்பில் எழுத்து அளவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

3. கோயிலில் உள்ள ஒரு பெரியவரிடம் அவருடைய கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து கொடுங்கள். "திருவிழா எப்போ தாத்தா? யாருக்குப் போன் பண்ணணும்?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எதையும் தொட்டுக் காட்டக் கூடாது.

மூன்றாவது பயிற்சியில் அவர் தானாகவே பதில் சொல்லிவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்த அகலம் சரி. சொல்லத் தடுமாறினால், அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள். அடுத்த பாடத்தில் சந்திப்போம்.