பெனால்டி விளையும் இடம்

ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் ‘பெனால்டி வாங்கு’ என்று ஒரு பொத்தான் கிடையாது. இருந்தும் சில அணிகளுக்கு ஒரு சீசனில் பத்துக்கு மேல் கிடைக்கிறது, சில அணிகளுக்கு மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. எல்லாம் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். ஆனால் பெனால்டி வானத்திலிருந்து விழுவதில்லை. தடுப்பாட்டக்காரர் ஒருவர் தாமதமாகக் காலை நீட்டுவதால் அது வருகிறது. அந்தக் காலை அவர் எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பியபடி நீட்ட நேர்கிறது என்பதை நம் வியூகம் பெருமளவு தீர்மானிக்க முடியும். இதற்காக மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். 2020–21 பிரீமியர் லீக்கில் 125 பெனால்டிகள் கொடுக்கப்பட்டன, அதில் 102 கோலாயின. பாக்ஸுக்குள்ளிருந்து அடிக்கும் சாதாரண ஷாட் சராசரியாக ஐந்தில் ஒன்றுகூட உள்ளே போவதில்லை. ஒரு சீசனில் கூடுதலாக ஐந்து பெனால்டி கிடைத்தால் ஏறக்குறைய நான்கு கோல். 38 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் நான்கு கோல் சேர்ந்தால் பட்டியலில் ஓரிரு இடம் மாறக்கூடும்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம், ஏனென்றால் பலருடைய வியூகம் இங்கேதான் கோட்டை விடுகிறது. பெனால்டி பாக்ஸின் அகலம் 40.3 மீட்டர், ஆழம் 16.5 மீட்டர். மைதானத்தின் அகலம் பொதுவாக 68 மீட்டர். அப்படியென்றால் பாக்ஸின் ஓரத்துக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 14 மீட்டர் வெற்றிடம். கோட்டை ஒட்டி நிற்கும் விங்கர் எவ்வளவு அருமையாக டிரிபிள் செய்தாலும், அவரை வீழ்த்தும் ஃபவுல் அந்த 14 மீட்டருக்குள் நடந்தால் நமக்குக் கிடைப்பது ஒரு ஃப்ரீகிக் மட்டும்தான். ஃபவுல் எங்கே நடந்தது என்பதுதான் விதி பார்ப்பது. பாக்ஸின் கோடும் பாக்ஸைச் சேர்ந்ததே. ஆகவே டிரிபிள் செய்பவர்கள் நம்மிடம் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் தங்கள் ஆளை எதிர்கொள்வது எத்தனை மீட்டர் உள்ளே என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். விங்கரை டச்லைனில் நிறுத்திவிட்டு, ‘ரன் அட் டிஃபென்ஸ்’ அறிவுரையை மட்டும் போட்டுவிட்டு, பெனால்டி வரவில்லையே என்று வருந்துவது இடம் மாறி வலை போடுவதைப் போன்றது.

அந்த மோதலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இடப்பக்கத்தில் வலதுகால் ஆட்டக்காரர் ஒருவர், இன்சைட் ஃபார்வர்ட் பொறுப்பில், அட்டாக் டியூட்டியோடு. பாக்ஸின் இடது மூலையில் பந்து அவர் காலுக்கு வருகிறது. எதிரணி ரைட்பேக் அவருக்கு வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறார், ஏனென்றால் நம் லெஃப்ட்பேக் ஓவர்லேப் ஓடி அவர் கவனத்தை இழுத்துவிட்டார். நம்மவர் வலதுகாலால் பந்தை உள்ளே தட்டுகிறார். இப்போது ரைட்பேக் இடுப்பைத் திருப்ப வேண்டும். திரும்பி முடிப்பதற்குள் பந்து ஒரு அடி தள்ளிப் போயிருக்கும். அவர் கால் பந்துக்கு நீளும்போது அங்கே இருப்பது நம்மவருடைய பின்னங்கால். உதவிக்கு வரும் சென்டர்பேக்கும் நேராக வரவில்லை, பக்கவாட்டில் ஓடி வருகிறார். இருவருமே பந்துக்கு எதிரே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெனால்டிக்கான சூழல் இதுதான்: பந்து நம் கட்டுப்பாட்டில், பாக்ஸுக்குள், திரும்பிக்கொண்டோ பின்னோக்கி ஓடிக்கொண்டோ இருக்கும் தடுப்பாட்டக்காரருக்குப் பக்கத்தில். கிராஸில் இது அமைவதில்லை. பந்து காற்றில் இருக்கும்போது அது யாருக்கும் சொந்தமில்லை. முட்டிமோதுவதில் ஃபவுல் நமக்கு எதிராகவும் போகலாம்.

நிஜ ஆட்டமும் இதையே சொல்கிறது. 2015–16 சீசனில் கிளாடியோ ரனியேரியின் லெஸ்டர் சிட்டிக்கு லீக்கில் 13 பெனால்டிகள் கிடைத்தன. பந்தை அதிக நேரம் வைத்திருந்து ஆடிய அணி அல்ல அது. பந்தைப் பறித்தவுடன் ஜேமி வார்டியைத் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டது, ரியாத் மஹ்ரஸை வலப்பக்கத்திலிருந்து இடதுகாலால் உள்ளே வரவிட்டது. 2019–20இல் மான்செஸ்டர் யுனைடெட் 14 பெனால்டிகள் பெற்று பிரீமியர் லீக் சாதனையையே மாற்றியது. அந்த முன்வரிசையில் ராஷ்ஃபோர்ட், மார்சியால், டேனியல் ஜேம்ஸ் என எல்லோரும் ஓடுகிறவர்கள். பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பதும் பெனால்டியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை இல்லை என்று இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். எதிரணி பத்துப் பேரும் பாக்ஸுக்கு முன்னால் முகம் கொடுத்து நிற்கும்போது, மெதுவாகப் பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பினால் யாரும் அவசரப்பட்டு டேக்கிள் செய்யத் தேவையே இல்லை.

இதை அமைப்பாக மாற்றும்போது, 2024 பதிப்பின் சொற்களில், நான் சொல்வது 4-3-3இல் வேண்டுமென்றே ஒரு சாய்வு. வலப்பக்கம் ஆட்களைக் குவியுங்கள்: மேலேறும் விங்பேக், மெட்ஸாலா பொறுப்பில் ஒரு மிட்ஃபீல்டர், உள்ளே வந்து பந்து வாங்கும் விங்கர். எதிரணி அந்தப் பக்கம் நகரும். இடப்பக்கம் நம் சிறந்த டிரிப்ளரைத் தனியாக விடுங்கள். பந்து மாறி வரும்போது அவர் முன்னால் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும். ‘வொர்க் பால் இன்டூ பாக்ஸ்’ வைக்கலாம், ஏனென்றால் தூரத்து ஷாட்டுகள் குறைந்து பந்து உள்ளே போகும். ஆனால் அதோடு டெம்போவைக் குறைக்க வேண்டாம், குறைத்தால் தடுப்பாட்டம் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது டிரிப்ளிங் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஆக்சிலரேஷன், அஜிலிட்டி, பேலன்ஸ் மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டடியில் கிடைக்கும் வித்தியாசம்தான் தாமதமான காலை வரவழைக்கிறது; நீண்ட ஓட்டத்துக்கான பேஸ் அதற்கு அடுத்துதான். 20க்கு 15 டிரிப்ளிங்கும் 16 ஆக்சிலரேஷனும் உள்ளவரை, 17 டிரிப்ளிங்கும் 11 ஆக்சிலரேஷனும் உள்ளவருக்கு மேலாக வைப்பேன். ‘பிளே ஃபார் செட் பீசஸ்’ என்ற அறிவுரையை பெனால்டிக்காகப் போடுகிறவர்கள் உண்டு. கார்னர், த்ரோ-இன், ஃப்ரீகிக் எல்லாம் சேர்ந்த பொது நோக்கம் அது, பெனால்டிக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி எதிர்வாதங்கள். கனமானது, அதிர்ஷ்டம் பற்றியது. ஒரு சீசனில் ஆறு பெனால்டி எதிர்பார்க்கத்தக்க அணியை எடுத்துக்கொள்வோம். இப்படி அரிதாக நடக்கும் நிகழ்வுகளில் ஏற்றஇறக்கம் ஏறக்குறைய எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஆறுக்கு அது இரண்டரை. அதாவது வியூகத்தில் எதையுமே மாற்றாமல் ஒரு சீசனில் நான்கும் அடுத்ததில் எட்டும் வருவது முற்றிலும் இயல்பு. எட்டு வந்ததும் ‘என் வியூகம் வேலை செய்கிறது’ என்று அறிவிப்பதும், நான்கு வந்ததும் கலைத்துப்போடுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இந்த வாதம் சரி என்பதால்தான் பெனால்டி எண்ணிக்கையை வைத்து வியூகத்தை அளக்காதீர்கள் என்கிறேன். அதற்கு முந்தைய படியை எண்ணுங்கள்: அந்த இடப்பக்க ஆட்டக்காரருக்கு 90 நிமிடத்துக்கு எத்தனை டிரிபிள், அவர் மீது எத்தனை ஃபவுல், ஆட்டம் முடிந்தபின் பகுப்பாய்வுத் திரையில் அந்த ஃபவுல்கள் எங்கே விழுந்திருக்கின்றன. இவை பெனால்டியைவிட வேகமாகச் சேரும் எண்கள், பத்துப் பதினைந்து ஆட்டங்களிலேயே உண்மையை ஓரளவு காட்டிவிடும். புள்ளிகள் பாக்ஸை நோக்கி நகர்ந்திருந்தால், பெனால்டி வராவிட்டாலும் பொறுத்திருப்பேன். டச்லைனிலேயே கிடந்தால், எட்டு பெனால்டி வந்திருந்தாலும் மாற்றுவேன்.

இன்னொன்று, டிரிபிள் கூடினால் பந்து பறிபோகும், எதிர்த்தாக்குதலில் கோல் வாங்குவோம் என்பது. உண்மைதான், அணி முழுவதற்கும் ‘ரன் அட் டிஃபென்ஸ்’ போட்டால். அதை எடுத்துவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் தனி அறிவுரையாக ‘டிரிபிள் மோர்’ கொடுங்கள். டிஃபென்ஸ் டியூட்டியில் ஒரு மிட்ஃபீல்டரை அவர்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். எதிரணி பாக்ஸின் மூலையில் பந்தை இழப்பது நடுமைதானத்தில் இழப்பதைவிட மிகக் குறைந்த விலை.

பெனால்டியைத் தேடிப் போவது ஆட்டத்துக்கு அழகல்ல என்பாரும் உண்டு. இதை நான் மனதாரவே மறுக்கிறேன். பெனால்டி 1891இல் விதியானது, அயர்லாந்தின் மில்ஃபோர்ட் ஊர் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம் முன்வைத்த யோசனையிலிருந்து. கோலாகப்போகும் பந்தை வேண்டுமென்றே ஃபவுல் செய்து தடுத்துவிட்டு, ஒரு சாதாரண ஃப்ரீகிக்கோடு தப்பிப்பதை நிறுத்தத்தான் அது வந்தது. விழுந்து நடிப்பது ஏமாற்று, அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. பந்தோடு பாக்ஸுக்குள் துணிந்து நுழைபவரைக் காக்கத்தான் அந்த விதி. துணிந்து நுழையும் அணியைக் கட்டுவது அந்த விதியின் மனதோடு ஒத்துப்போவதே.

எதிராளியைப் பார்த்துப் பக்கத்தை மாற்றவும் தயங்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன் இரண்டு ஃபுல்பேக்குகளின் எண்களையும் திறந்து பாருங்கள். டேக்கிளிங், டிசிஷன்ஸ், கான்சன்ட்ரேஷன் குறைவாகவும் அக்ரஷன் அதிகமாகவும் உள்ளவர் எந்தப் பக்கமோ, டிரிப்ளரை அந்தப் பக்கம் அனுப்புங்கள். அவர் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டால் அங்கேயே அழுத்துங்கள்: காலை நீட்டினால் பெனால்டியோடு வெளியேற்றமும் வரலாம், நீட்டாமல் ஒதுங்கினால் வழி திறக்கும். 65ஆம் நிமிடத்தில் புதிய கால்களோடு ஒரு விங்கரை இறக்கச் சொல்வதும் இதனால்தான். களைத்த ஃபுல்பேக்குக்கு இடுப்பைத் திருப்ப ஆகும் நேரம் கூடியிருக்கும்.

அந்த மாற்றத்தைச் செய்யும்போது ஒரு சின்ன விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. வெளியே அழைப்பவர்தான் பெனால்டி அடிப்பவர் பட்டியலில் முதல் பெயர் என்றால், அடுத்த பெயர் யார் என்று பாருங்கள். பெனால்டி டேக்கிங் தனி எண். நல்ல ஸ்ட்ரைக்கரிடம் அது 9 ஆகவும், நடுவில் அமைதியாக ஆடும் மிட்ஃபீல்டரிடம் 16 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணையும் கம்போஷரையும் சேர்த்துப் பார்த்து மூன்று பெயர்களையாவது வரிசைப்படுத்தி வையுங்கள். 80ஆம் நிமிடத்தில் நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டும்போது அந்த மூவரில் ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும்.