கடைத்தெருவே கல்லூரி

கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குச் செல்லும் வழியில் சாலைக் கடைத்தெரு உள்ளது. அங்கே பாத்திரக்கடை நடத்தியவர் எழுத்தாளர் ஆ. மாதவன். அவர் 1934ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்தார். பள்ளியில் மலையாளம் பயின்றார். தமிழைத் தம் முயற்சியால் கற்றார்.

கதை எழுதும் கலையை இன்று சில கல்லூரிகள் பாடமாகக் கற்பிக்கின்றன. மாதவனுக்கோ கடைத்தெருவே கல்லூரி. சுமைதூக்குவோர், சிறுவணிகர், வீடற்றோர் ஆகியோரின் பேச்சையும் துயரையும் அவர் கூர்ந்து நோக்கினார். அவர்களே அவருடைய கதைமாந்தர் ஆயினர். மலையாளம் கலந்த அவர்களது தமிழை அவர் மறைக்கவில்லை. அதுவே அவர் கதைகளுக்கு உயிர் தந்தது.

‘கடைத்தெருக் கதைகள்’, ‘கிருஷ்ணப் பருந்து’ ஆகியன அவருடைய புகழ்பெற்ற நூல்கள். மலையாள நாவல்களையும் அவர் தமிழில் பெயர்த்தார். 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2021இல் மறைந்தார்.

வேற்றுமொழி சூழ வளர்வது தமிழ் எழுதுவதற்குத் தடையன்று. காணும் கண்ணும் கேட்கும் செவியும் இடையறாத வாசிப்பும் இருந்தால் போதும்.

பயிற்சி

1. மாதவன் தமிழை எவ்வாறு கற்றார்?
2. ‘கடைத்தெருவே கல்லூரி’ என்பதன் பொருளை விளக்குக.
3. உம் தெருவில் நாள்தோறும் காணும் ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.